பாற்குறையும் நம் கடமையும்

பச்சிளங் குழந்தை அழுந்தோறும், “தாய்க்குப் பால் போதவில்லை” என்று முடிவு கட்டிவிடுதல் நம் இல்லங்களிற் பெருவழக்காயிருக்கின்றது. ஈன்று சின்னாளே கழிந்த தாய் அச்சொற் கேட்டு மனங்குன்றுகின்றாள். உடனே பால்மாவுப் புட்டி வீட்டினுள் நுழைகின்றது. இக்குறையிற் பெரும்பகுதி தாயின் உடலைச் சார்ந்ததன்று; அவளைச் சூழ்ந்துள்ள நம்மைச் சார்ந்ததே என்பது எமது துணிபு.

பால் சுரக்கும் முறையை அறியின் இது விளங்கும். குழந்தை சப்புந்தோறும் தாயின் உடலில் புரோலாக்டின் என்னும் இயக்குநீர் மிகுந்து பாலைச் சுரப்பிக்கின்றது. ஆக்ஸிடோசின் என்பது அதனை வெளிப்படுத்துகின்றது. இறைக்குங் கிணறே ஊறும். புட்டிப்பாலுண்டு உறங்குங் குழந்தை மார்பை நாடாது. நாடாவிடின் சுரப்புங் குறையும். ஆகவே, குறைவுக்கஞ்சிக் கொடுத்த புட்டியே குறைவை விளைவித்து விடுகின்றது.

ஆதலின் குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் மார்பிற் சேர்த்தல் வேண்டும். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுதலும், தேனுஞ் சர்க்கரைநீரும் சேனையாகத் தொட்டு வைத்தலும் ஒழிதல் வேண்டும். இரவும் பகலுமாக 8 முதல் 12 முறை ஊட்டல் நன்று. காம்போடு அதனைச் சூழ்ந்த கருவட்டத்திற் பெரும்பகுதியும் குழந்தையின் வாய்க்குள் அமைதல் வேண்டும். அங்ஙனம் அமையாமையாலேயே பெரும்பாலும் காம்பு புண்ணாகின்றது. பூண்டும் பால்சுறாவும் நல்லுணவே. எனினும் அடிக்கடி ஊட்டுதலின் இடத்தை அவை நிரப்பமாட்டா. பத்தியமென்று தாய்க்குத் தண்ணீரை மறுத்தலோ கொடுமை.

பிறந்த ஐந்தாம் நாளுக்குப்பின் நாளொன்றுக்கு 6 முறையேனுஞ் சிறுநீர் கழித்து, எடையும் ஏறிவருங் குழந்தைக்குப் பால் போதுமென்றே கொள்ளலாம். தைராய்டுக் குறை முதலியவற்றால் உண்மையாகவே பால் குன்றிய தாய்மாரும் உளர். அன்னார் மருத்துவரை நாடுதலும், அவர் சொற்படி வேறு பால் புகட்டுதலும் ஒருசிறிதும் இழுக்கல்ல.

அரசும் வாளாவிருக்கவில்லை. 2015-ஆம் ஆண்டு தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களிற் பாலூட்டும் அறைகள் திறக்கப்பெற்றன. 2017-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால், முதலிரு மகப்பேறுகளுக்குரிய சம்பள விடுப்பு 12 வாரத்தினின்று 26 வாரமாக உயர்ந்தது. ஆயினும் வயலிலுங் கட்டட வேலையிலும் நாட்கூலி பெறுந் தாய்க்கு அவ்விடுப்பு எட்டுவதில்லை. எட்டியவர்க்கும், இல்லத்தில் துணையின்றேல் அதன் பயன் சிறிதே.

“இது பெண்டிர் விஷயம், நமக்கென்ன?” என்று பக்கத்தைப் புரட்டும் மாணவ நண்பர் சிலர் இருத்தல் கூடும். அன்னாருக்கு ஒன்று கூறுவோம். அச்சமும் வேதனையும் உற்றவிடத்துப் பால் வெளிப்படுதல் தடைப்படும். நள்ளிரவிற் குழந்தையை எடுத்துக் கொடுத்தல், துணி அலசுதல், ஊட்டும்போது ஒரு செம்பு நீர் தருதல், காணவருவோரின் சுடுசொல்லைத் தடுத்தல் ஆகிய இவற்றுள் ஆடவரால் இயலாதது யாது? நாளைத் தந்தையராகவிருக்கும் இளைஞர் இதனை இன்றே கற்றுக்கொள்வாராக.