தந்திக்கு ஒரு நீதி, சுதந்தரத்துக்கு ஒரு நீதியா?

சாஸ்திரத்துக்கு மாத்திரமே வைதீகர்கள் உண்டு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சட்டத்துக்கும் வைதீகர்கள் இருக்கின்றார்கள். இவர்கள் சொல்லுவதாவது: "அரசியல் சட்டம் 1950ஆம் வருஷம் ஜனவரி 26ந் தேதி அமலுக்கு வந்தது. அன்று செல்போன் இல்லை, இன்டர்நெட் இல்லை, ஆதாரும் இல்லை. ஆகவே 'உயிர்', 'சுதந்தரம்' என்கின்ற சொற்களுக்கு அன்று எழுதினவர்கள் மனதில் இருந்ததுதான் பொருள். அதற்குமேல் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம்" என்பதாகும்.

நல்லது. இந்த நியாயத்தைச் சர்க்காருக்கும் பொருத்திப் பார்ப்போம். 1885ல் வெள்ளைக்காரன் தந்திச் சட்டம் செய்தான். இடையில் அதன் சொற்களைக் கொஞ்சம் விரித்தார்கள் என்பது மெய்தான். அப்படி விரித்தபோதும் இன்டர்நெட் பிறக்கவில்லை. ஆயினும் அந்தச் சட்டத்தைக் காட்டித்தான் ஜனங்களின் டெலிபோனை ஒட்டுக் கேட்டார்கள். அந்தச் சட்டத்தின் கீழ்தான் 2017ல் இன்டர்நெட்டை நிறுத்தி வைக்க விதிகள் செய்தார்கள். "எழுதினவன் மனதில் இன்டர்நெட் இருந்ததா?" என்று நம் சட்ட வைதீகர்கள் அப்போது கேட்டார்களா? ஆளுகிறவன் கைப் பிரம்பு நீளுவதற்குச் சொல் வளரலாம். ஆளப்படுகிறவன் முதுகைக் காப்பதற்கு மட்டும் வளரக் கூடாது போலும்!

2015ல், அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமையே அல்லவென்று இந்திய சர்க்கார் வக்கீல் சுப்ரீம் கோர்ட்டில் வாதாடினார். அதற்கு அவர் காட்டியவை 1954லும் 1962லும் சொல்லப்பட்ட தீர்ப்புகள். ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த அந்த வழக்கில், 2017 ஆகஸ்டு 24ந் தேதி ஒன்பது நீதிபதிகளும் ஒருமுகமாக அந்த வாதத்தைத் தள்ளினார்கள். 21வது விதியிலுள்ள உயிரும் சுதந்தரமும் அந்தரங்கத்தையும் அடக்கியவை என்றார்கள்.

நிற்க, வில்லியனூர், பாகூர் கொம்யூன் வாசிகளுக்கு இந்த "எழுதினவர் மனம்" என்கின்ற வாதம் இன்னும் வேடிக்கையானது. 1950ல் நாம் பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்தோம். அரசியல் நிர்ணய சபையில் நமக்கு ஒரு பிரதிநிதியும் இல்லை. 1954 அக்டோபர் 18ந் தேதி கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவோடு சேரலாமென்றும், 8 பேர் வேண்டாமென்றும் ஓட்டுச் செய்தார்கள். அதன் பிறகே ஆட்சி மாறிற்று. ஆகவே நமக்கு வந்து சேர்ந்தது டெல்லியில் கூடியவர்களின் மனமல்ல, எழுத்திலுள்ள உரிமை. அந்த எழுத்து நமக்கு இன்று என்ன செய்யும் என்பதே நம் கேள்வி.

"அப்படியானால் ஒவ்வொரு நீதிபதியும் தம் இஷ்டம்போல் பொருள் சொல்லலாமா?" என்று கேட்கலாம். கூடாது. ஆனால் பிடித்துக்கொள்ள வேண்டியது நோக்கத்தையே ஒழியக் கருவியை அல்ல. காரணமின்றி அதிகாரி உன் வாழ்வில் கை வைக்கக் கூடாது என்பது நோக்கம். 1950ல் அந்தக் கை வீட்டுக் கதவைத் தட்டிற்று. இன்று செல்போனுக்குள் நுழைகின்றது. கை ஒன்றுதான், கதவுதான் வேறு.

இது வக்கீல்கள் சண்டை என்று பாமர மக்கள் ஒதுங்கிவிட வேண்டாம். புதுச்சேரியில் 2015 செப்டம்பரில் ரேஷன் அரிசிக்குப் பதில் பாங்கிக் கணக்கில் பணம் போடும் முறை தொடங்கிற்று. பாகூர் வயலில் நாற்று நட்டுக் களை பறித்த கூலிக்காரியின் விரல், ரேகை தேய்ந்து போன விரல். அந்த விரலை வைத்ததும் இயந்திரம் "நீ நீயல்ல" என்றால், அவள் தன் பணத்துக்கே அந்நியளாகின்றாள். உழைக்காதவன் ரேகையை ஒப்புக்கொள்ளுகிற இயந்திரம் உழைத்தவள் ரேகையைத் தள்ளுகின்றது!

ஆசிட் வீச்சுக்கு ஆளாகிக் கண் இமைக்க முடியாத ஒரு பெண்ணிடம், பாங்கிக் கணக்குத் திறக்கக் "கண் இமைத்துக் காட்டு" என்று கேட்ட முறையைப் பற்றிய வழக்கில், 2025 ஏப்ரல் 30ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. டிஜிட்டல் சேவையை எட்டும் வழியும் 21வது விதியின் "உயிர்" என்பதில் அடங்கும் என்று அது சொல்லிற்று. இமைக்காத கண்ணுக்குள்ள உரிமை தேய்ந்த விரலுக்கு இல்லையா?

ஆகவே தோழர்களே, இயந்திரம் உங்களைத் தள்ளினால் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வராதீர்கள். வேறு வழியில் அடையாளம் பார்த்துக் கொடு என்று கேளுங்கள். மறுத்தால், அந்த மறுப்பை எழுத்தில் கேளுங்கள். "சட்டத்தில் அப்படி ஒரு வார்த்தை இல்லையே" என்று யாராவது வியாக்கியானம் செய்தால், தந்தி எந்த மந்திரத்தால் இன்டர்நெட் ஆயிற்று என்று முதலில் அவரைச் சொல்லச் சொல்லுங்கள்.