அந்திக்கிறிஸ்துவை ஆதார் அட்டையில் தேடாதீர்கள்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை, ஞாயிற்றுக்கிழமை என்றால் ஏதாவது ஒரு வாடகைக் கட்டடத்தின் மாடியில் ஜெபக்கூட்டம் நடக்கும். திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து கம்பெனி வேலைக்கு வந்த பிள்ளைகள் அங்கே கூடுகிறார்கள். ஜார்க்கண்ட், ஒடிசாவிலிருந்து வந்தவர்களும் உண்டு. ஆறு நாள் ஷிப்ட் பார்த்து அலுத்துப்போன உடம்புக்கு ஒரு பாட்டு, ஒரு ஜெபம், தன் ஊர்க்காரர் நாலு பேரின் முகம். இதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. பாட்டு முடிந்து "கடைசி காலச் செய்தி" தொடங்கும்போதுதான் மனம் பதறுகிறது. திரையில் ஒரு பார்கோடு வருகிறது. அடுத்து ஆதார் அட்டை, தடுப்பூசி, உள்ளங்கையில் பதித்த சிப். மிருகத்தின் முத்திரை வந்துவிட்டது, அந்திக்கிறிஸ்து ஏற்கெனவே பிறந்துவிட்டான், அவன் இன்ன குலத்தான், இன்ன நாட்டான் என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். மறுநாள் காலை கேட்டில் கார்டைக் காட்டி, முகத்தைக் கருவிக்குக் காட்டி உள்ளே போகும் ஒரு பெண், தன் ஆத்துமாவையே விற்றுவிட்டோமோ என்று நடுங்குகிறாள்.

இந்தப் போதனை பொய். வேதத்தை நம்பாதவனாக இருந்து இதைச் சொல்லவில்லை. நம்புகிறவனாக இருப்பதால்தான் சொல்கிறேன்.

முதலில் வேதம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். அந்திக்கிறிஸ்து என்ற பெயர் தானியேலில் இல்லை. பவுலின் நிருபங்களில் இல்லை. எல்லாரும் அதற்காகவே புரட்டுகிற வெளிப்படுத்தின விசேஷத்திலும் ஒரு இடத்தில்கூட இல்லை. யோவானின் முதல் நிருபத்திலும் இரண்டாம் நிருபத்திலும் மட்டும், நான்கே வசனங்களில் வருகிறது. அந்த நான்கு வசனங்களை வைத்துக்கொண்டு ஒரு மனிதனின் வாழ்க்கை வரலாறு எழுத முடியாது. யோவான் சொல்வது இவ்வளவுதான்: ஒருவன் வருவான் என்று கேள்விப்பட்டிருக்கிறீர்கள், ஆனால் இப்போதே அப்படிப்பட்டவர்கள் அநேகர் இருக்கிறார்கள். ஒருமையை எதிர்பார்த்துக் காத்திருந்தவர்களிடம் அவர் பன்மையைச் சொல்கிறார். வருங்காலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம் நிகழ்காலத்தைக் காட்டுகிறார்.

அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதற்கும் அவரே விடை வைத்திருக்கிறார். முதல் நிருபம், இரண்டாம் அதிகாரம் பத்தொன்பதாம் வசனம்: நம்மிடமிருந்தே புறப்பட்டுப் போனவர்கள். பாபிலோனிலிருந்தும் அல்ல, ரோமாபுரியிலிருந்தும் அல்ல, சபைக்குள்ளிருந்து. அந்திக்கிறிஸ்துவின் பூர்வீகத்தைப் பற்றி வேதம் நேராகச் சொல்லியிருக்கும் ஒரே செய்தி இதுதான். மணிக்கணக்கில் பூர்வீகத்தை ஆராயும் மேடைகளில் இந்த வசனத்தை யாரும் நின்று வாசிப்பதில்லை.

அதற்குப் பதில் தாண் கோத்திரத்துக்குப் போகிறார்கள். அந்திக்கிறிஸ்து யூதன், அதிலும் தாண் வம்சத்தான் என்கிறார்கள். ஆதாரம் என்ன? யாக்கோபு தாணைப் பாம்பு என்றான். எரேமியா தாண் பக்கத்திலிருந்து குதிரைகளின் சத்தத்தைக் கேட்டான். வெளிப்படுத்தின விசேஷம் ஏழாம் அதிகாரப் பட்டியலில் தாண் பெயர் விடுபட்டிருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் ஐரேனியு என்ற ஆயர் இந்த மூன்றில் இரண்டைச் சேர்த்துப் பேசினார். பத்தாம் நூற்றாண்டில் அட்சோ என்ற பிரெஞ்சுத் துறவி ஒரு ராணிக்கு எழுதிய கடிதத்தில், அவன் பாபிலோனில் பிறப்பான் என்பது வரை விவரித்தார். ஐரோப்பாவில் யூதர்களை அடித்துத் துரத்தியவர்களுக்கு அந்தக் கதை நன்றாகவே உதவியது. ஆனால் அதே வேதத்தில் எசேக்கியேல் கடைசி அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். தேசத்தைப் பங்கிடும்போது முதல் பங்கு தாணுக்குத்தான். ஆசரிப்புக் கூடாரத்தைக் கட்ட மோசே அமர்த்திய இரண்டு கைவினைஞர்களில் ஒருவனான அகோலியாப் தாண் கோத்திரத்தான். உலோகமும் நூலும் மரமும் கையாளத் தெரிந்த தொழிலாளி அவன். டூல்ரூமில் நின்று வேலை செய்யும் ஐ.டி.ஐ. பையன்களுக்குச் சொல்ல வேண்டிய தாண் கோத்திரத்துக் கதை அதுதான்.

இப்போது இன்னொரு கதையும் பரவுகிறது: அந்திக்கிறிஸ்து ஒரு முஸ்லிம் என்று. இதுவும் பழைய சரக்கு. 1213-ல் மூன்றாம் இன்னசென்ட் என்ற போப், மிருகத்தின் எண்ணாகிய 666-ஐ இஸ்லாமின் ஆயுள் ஆண்டுகளாகக் கணக்கிட்டுக் காட்டிச் சிலுவைப்போருக்கு ஆள் திரட்டினார். அவர் கணக்குப்படி எப்போதோ முடிந்திருக்க வேண்டிய காலம் அது. பக்கத்து லைனில் வேலை செய்யும் முஸ்லிம் பையன் மதியம் சாப்பாட்டைப் பகிர்ந்துகொள்கிறவன். ஞாயிற்றுக்கிழமை அவன் சமூகத்தைக் காட்டி இவர்களில் ஒருவன் அழிக்க வருவான் என்று சொல்லிக்கொடுப்பது பாவம். வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

குணத்தைப் பற்றிச் சொல்வதும் இப்படித்தான். தானியேல் பதினோராம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு, அவன் பிதாக்களின் தெய்வத்தை மதிக்க மாட்டான், பெண்களை நாட மாட்டான், இனிக்க இனிக்கப் பேசுவான் என்று அடையாளம் சொல்கிறார்கள். அந்த அதிகாரம் பேசுகிற மன்னனை யூத வரலாறு பெயரோடு அறியும்: நான்காம் அந்தியோகு எப்பிபானு. கி.மு. 167-ல் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தியவன். அவன் கையில் செத்தவர்களின் பிள்ளைகளுக்கு, அவன் காலம் முடியும் என்று தைரியம் சொல்லத்தான் அந்தப் பக்கங்கள் எழுதப்பட்டன.

இனி 666. தமிழர்களுக்கு இதை விளக்குவது எளிது, எழுத்தையே எண்ணாக எழுதியவர்கள் நாம். க என்றால் ஒன்று, உ என்றால் இரண்டு, அ என்றால் எட்டு. எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் அதே வழக்கம் உண்டு. நீரோ இராயன் என்ற ரோமப் பேரரசனின் பெயரை எபிரேய எழுத்தில் எழுதினால் 50, 200, 6, 50, பிறகு 100, 60, 200. கூட்டிப் பாருங்கள், 666 வரும். அதில் இரண்டாவது 50-ஆக வரும் ‘ன்’ எழுத்தை விட்டு லத்தீன் வழக்கப்படி எழுதினால் 616. சில பழைய கையெழுத்துப் படிகளில் 616 என்றே இருக்கிறது. கி.பி. 68-ல் செத்த அந்தக் கொடுங்கோலன் திரும்பி வருவான் என்ற பேச்சு அப்போது ரோம சாம்ராஜ்யம் முழுக்க இருந்தது. ஆசியாவின் ஏழு சபைகளுக்கு எழுதிய யோவான், புத்தியுள்ளவன் கணக்குப் பார்க்கட்டும் என்றபோது, தன் வாசகர்கள் கணக்குப் பார்க்க முடியும் என்ற நம்பிக்கையில்தான் சொன்னார். இரண்டாயிரம் ஆண்டு கழித்து மகாராஷ்டிரத்தில் 2010-ல் தொடங்கப்போகும் ஒரு பன்னிரண்டு இலக்க எண்ணை அவர்கள் எப்படிக் கணக்கிட்டிருப்பார்கள்?

ஆதார் எண்ணில் எந்த இரகசியமும் இல்லை. குலுக்கலாக வரும் பதினோரு இலக்கங்கள், தப்பாகத் தட்டினால் கண்டுபிடிக்கக் கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம், அவ்வளவுதான். பார்கோடு கதையும் பொய்தான். அமெரிக்காவில் 1974-ல் கடைகளுக்கு வந்த அந்தக் கோடுகளின் இரு ஓரத்திலும் நடுவிலும் சற்று நீளமான இரட்டைக் கோடுகள் இருக்கும். அவை மூன்றும் ஆறு, ஆறு, ஆறு என்று 1981-ல் ஒரு புத்தகம் கிளப்பிவிட்டது. கம்பெனியில் ஸ்கேனர் பிடிக்கும் எந்தப் பிள்ளையும் இதைத் தானே சோதிக்கலாம். கடையில் விற்கும் ஒரு பொருளின் லேபிளை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒவ்வொரு எண்ணுக்கும் ஏழு கட்ட அகலம் உண்டு. ஓரத்துக் கோடுகளுக்கு மூன்று கட்டம், நடுவில் ஐந்து கட்டம். ஏழு கட்டம் இல்லாதது எந்த எண்ணாகவும் இருக்க முடியாது. எங்கே தொடங்குவது, எங்கே முடிப்பது என்று ஸ்கேனருக்குச் சொல்லும் எல்லைக் கோடுகள் அவை. க்யூஆர் கோடு பிறந்ததோ ஒரகடத்துக்காரர்களுக்கு மிகவும் பழக்கமான தொழிலில்: 1994-ல் ஜப்பானில் டென்சோ என்ற நிறுவனம், கார் பாகங்களைப் பின்தொடர உருவாக்கியது.

வெளிப்படுத்தின விசேஷத்தில் கையிலும் நெற்றியிலும் முத்திரை என்று எழுதியிருக்கிறதே என்பார்கள். எழுதியிருக்கிறது. அடுத்த அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே ஆட்டுக்குட்டியோடு நிற்பவர்களின் நெற்றியிலும் பிதாவின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. அதை யாரும் சிப் என்று சொல்வதில்லை. உபாகமம் ஆறாம் அதிகாரத்தில் கட்டளைகளைக் கையிலும் கண்களுக்கு நடுவிலும் கட்டிக்கொள்ளச் சொன்ன மரபில் வளர்ந்தவர் யோவான். கை என்றால் செய்கை, நெற்றி என்றால் எண்ணம். யாருக்கு உழைக்கிறாய், யாரை வணங்குகிறாய் என்பதே கேள்வி.

இந்தப் போதனை இங்கே எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். இரகசிய வருகை, ஏழு வருஷ உபத்திரவம், ஐரோப்பிய சர்வாதிகாரி என்ற வரிசையை 1830-களில் கோத்தவர் ஜான் நெல்சன் டார்பி. அவர் இருந்த பிரதரன் வட்டத்தைச் சேர்ந்த ஆண்டனி நாரிஸ் க்ரோவ்ஸ் 1833-ல் இந்தியா வந்தார். க்ரோவ்ஸின் சீடர் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் திருநெல்வேலிச் சீமையில் 1860-ல் பெரிய எழுப்புதலுக்குத் தலைமை தாங்கினார். மனந்திரும்புதலும் கண்ணீரும் நிறைந்த எழுப்புதல் அது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் அது திருவிதாங்கூருக்குப் பரவியபோது ஜஸ்டஸ் ஜோசப் என்ற போதகர் 1881-ல் கிறிஸ்து வருவார் என்று ஆண்டு குறித்தார். 1881 வந்தது, போனது. அந்திக்கிறிஸ்து இவன்தான் என்று ஆள் குறித்தவர்கள் கதையும் இதுதான். லூத்தர் போப்பைக் கைகாட்டினார். பிறகு நெப்போலியனைச் சொன்னார்கள், முசோலினியைச் சொன்னார்கள். 1970-ல் ஹால் லிண்ட்சே ஐரோப்பியப் பொதுச்சந்தையின் பத்து நாடுகளே மிருகத்தின் பத்துக் கொம்புகள் என்று எழுதினார். 1981-ல் கிரேக்கம் சேர்ந்து பத்தானபோது பலருக்கு உடல் சிலிர்த்தது. 1986-ல் பன்னிரண்டு ஆயிற்று. இப்போது இருபத்தேழு. இத்தனை முறை தவறிய முறையை நம்பி ஒரு பிள்ளை தன் வாழ்க்கை முடிவுகளை எடுக்கக் கூடாது.

எடுக்கிறார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன். ஆதார் இணைக்காத யு.ஏ.என். என்ற பி.எஃப். எண்ணுக்கு முதலாளி பணம் கட்டவே முடியாது என்ற விதி 2021-லேயே வந்துவிட்டது. மிசோரமில் சில கிறிஸ்தவர்கள் இதே பயத்தில் ஆதார் பதிய மறுத்தார்கள். ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளி அப்படி மறுத்தால் இழப்பது தன் கூலியின் ஒரு பங்கை.

அதைவிடப் பெரிய இழப்பும் உண்டு. என் கைரேகையை, என் முகப் படத்தை யார் வைத்திருக்கிறார்கள், எவ்வளவு காலம், வேலையை விட்டபின் அழிப்பார்களா என்பவை நியாயமான கேள்விகள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-ல் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறியது. இந்தக் கேள்விகளை ஹெச்.ஆரிடம் கேட்க ஒரு தொழிலாளிக்கு உரிமை உண்டு. ஆனால் அந்தக் கருவி பிசாசினுடையது என்று நம்புகிறவள் கேள்வி கேட்பதில்லை. பயந்து குனிந்து விரலை வைத்துவிட்டு, இரவில் அழுகிறாள். பயமுறுத்துகிற போதகர் அவள் வாயைக் கட்டிவிடுகிறார்.

வெளிப்படுத்தின விசேஷம் வாங்குவதையும் விற்பதையும் பற்றி உண்மையிலேயே பேசுகிறது. பதினெட்டாம் அதிகாரத்தில் பாபிலோனின் சரக்குப் பட்டியல் இருக்கிறது: பொன், வெள்ளி, முத்து, பட்டு, தந்தம், திராட்சரசம், கோதுமை என்று போய், மனித உடல்களிலும் உயிர்களிலும் முடிகிறது. மனிதன் சரக்குப் பட்டியலின் கடைசி வரியாவதுதான் அந்தப் புத்தகத்துக்கு ஆகாத காரியம். அந்தக் கண்ணோடு இந்த வட்டாரத்தைப் பாருங்கள். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த பூந்தமல்லி விடுதியில் கெட்ட உணவு சாப்பிட்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். சக பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறித்தார்கள். விடுதிகளின் நிலை தரமாக இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. 2014 நவம்பர் 1-ல் நோக்கியா ஆலை உற்பத்தியை நிறுத்தியது. 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு எழுந்தபின் மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. 2024-ல் சாம்சங் தொழிலாளர்கள் சங்க அங்கீகாரம் கேட்டு 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இவற்றையெல்லாம் விட்டுவிட்டு ஒரு லேபிளின் கோடுகளை எண்ணிக்கொண்டிருப்பவர்கள் யோவானைப் படிக்கவில்லை.

இந்த வட்டாரத்துப் போதகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஞாயிறு திரையைச் சுருட்டி வையுங்கள். யோவானின் முதல் நிருபத்தை முழுதாக வாசியுங்கள், ஐந்து அதிகாரம்தான். குறைச்சலில் இருக்கும் சகோதரனைக் கண்டும் மனதை அடைத்துக்கொள்கிறவனைப் பற்றி மூன்றாம் அதிகாரம் என்ன சொல்கிறது, சகோதரனைப் பகைத்துக்கொண்டே கடவுளை நேசிப்பதாகச் சொல்கிறவனுக்கு நான்காம் அதிகாரம் என்ன பெயர் வைக்கிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒன்று. ஆதாரை யு.ஏ.என். எண்ணோடு இணையுங்கள். சம்பளச் சீட்டை மாதாமாதம் கேட்டு வாங்குங்கள். உங்கள் பெயரில் பி.எஃப். கட்டப்பட்டிருக்கிறதா என்று போனில் பாருங்கள். கட்டவில்லை என்றால் கேளுங்கள், தனியாக வேண்டாம், நாலு பேராகப் போய்க் கேளுங்கள்.