மூன்றே தட்டு என்னும் பல்லவி

தாம்பரம் சண்முகம் சாலைக் கடைக்காரர்களை இணையத்துக்கு அழைப்பவர்கள் பல வருடங்களாக ஒரே பல்லவியைப் பாடுகிறார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே இடம்; பிரிவு, உட்பிரிவு, அதற்குள் இன்னொரு உட்பிரிவு என்று ஓர் அடுக்கு; திரையில் மூன்றே தட்டில் எதுவும் கைக்கு வந்துவிடும்; தெருக்கடை என்றால் குழப்பம். இதில் மூன்று தட்டுக் கணக்கு 2003இலேயே செத்துப்போனது. அந்த ஆண்டு ஜோஷுவா போர்ட்டர் என்ற அமெரிக்கர் வெளியிட்ட ஆய்வில், மூன்று தட்டு தாண்டியதால் யாரும் தேடலைக் கைவிட்டதாகத் தெரியவில்லை. செத்ததைத் திரும்ப அடிப்பானேன், விடுவோம்.

உண்மையான வம்பு அந்த 'ஒரே இடம்'தான். கற்பூரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டு மருந்துக் கடையில் கற்பூரம் கேட்டால், "ஏத்தவா, சர்க்கரைப் பொங்கல்ல போடவா?" என்று உடனே கேள்வி வரும். ஏற்றுகிற கற்பூரம் பெரும்பாலும் டர்பன்டைனிலிருந்து ஆலையில் செய்வது. வாயில் போட்டால் விஷம். பச்சைக் கற்பூரம் பெருமாள் தீர்த்தத்துக்கும் ஆகும், பொங்கலுக்கும் ஆகும். இதைப் பூஜைப் பிரிவில் போட்டால் விஷத்துக்குப் பக்கத்தில் உட்காரும். சமையல் பிரிவில் போட்டால் தீர்த்தத்துக்குத் தேடுகிறவர் கண்ணில் படாது. மஞ்சளும் இப்படித்தான்: விரலி மஞ்சள் குழம்புக்கு, கஸ்தூரி மஞ்சள் முகத்துக்கு, கொத்து மஞ்சள் பொங்கல் பானைக்கு. கடைக்காரர் ஒரு கேள்வியில் தீர்ப்பதை அடுக்கு எத்தனை தட்டிலும் தீர்க்காது. காரணம், அது பொருள் என்ன என்று மட்டுமே பார்க்கிறது. எதற்கு என்று கேட்பதில்லை. வரிக்கணக்குக்கு ஒரே இடம் வேண்டாமா என்பார்கள். வேண்டும், ஜிஎஸ்டியில் மஞ்சளும் இஞ்சியும் குங்குமப்பூவும் 0910 என்ற ஒரே தலைப்பில் கிடக்கட்டும். வரி அதிகாரி குழம்பு வைக்கப் போவதில்லை.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் வெளிநாட்டு நிபுணர் அல்ல, சீர்காழிக்காரர். எஸ்.ஆர். ரங்கநாதன் கணிதம் படித்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்கே குடிவந்தது. 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான அவர் பயிற்சிக்காக லண்டன் போனார். அங்கே செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ பொம்மையைக் கண்டதும் பொறி தட்டியது. சில துண்டுகளை மாற்றி மாற்றிக் கோத்தால் எத்தனையோ உருவங்கள்! 1933இல் வந்த அவருடைய கோலன் பகுப்பு ஒரு நூலை ஒற்றைக் கிளையில் தொங்கவிடாமல் பொருள், இடம், காலம் எனப் பல முகங்களால் குறித்தது. அப்போதும் நூலை ஓர் அலமாரியில்தான் வைத்தாக வேண்டும். இணையக் கடைக்கு அலமாரியே கிடையாது. ஒரே பொருளை நான்கு இடத்தில் காட்டினாலும் இடம் அடைக்காது. இல்லாத மரப்பலகையின் நெருக்கடியை இந்தப் பல்லவிக்காரர்கள் வலிய இழுத்து வந்து, அதற்கு ஒழுங்கு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அடுக்கு அடுக்கு என்று முழங்கும் அதே தளங்களில் விலை, எடை, நிறுவனம், பயன் என்று டிக் போடும் கட்டங்கள் ஓரமாக நிற்கின்றன. அவை ரங்கநாதன் வழி. அடுக்கு திணறிய இடத்தில் முட்டுக்கொடுக்க வந்தவை.

தேடல் பெட்டி இருக்கிறதே என்று கடைசியாக ஒன்று சொல்வார்கள். வேலையைப் பெட்டியும் கட்டங்களும் பார்க்கும் என்றால், அடுக்கு கட்டித் தருகிறேன் என்று வருபவருக்குக் கூலி எதற்கு? கொடுக்காதீர்கள்.