எல்.கே.ஜி.யோடு கதவு மூடிவிடுவதில்லை

கரிசல் வட்டாரத் தமிழுக்கு அகராதி போட்ட கி. ராஜநாராயணனின் வீட்டு மொழி தெலுங்கு. கோவில்பட்டிப் பக்கத்து இடைசெவல்காரர்; பள்ளிப் படிப்பும் பெரிதாகக் கிடையாது. 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்கு 1991-ல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. இதில் வியக்க என்ன இருக்கிறது என்று விருதுநகர் மாவட்டத்துக்காரர்கள் கேட்பார்கள். ராஜபாளையத்தில் ராஜுக்கள் வீட்டுக்குள் பேசுவது தெலுங்கு. சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டார ஊர்களில் நாயக்கர், ரெட்டியார் வீடுகளிலும் அப்படித்தான். அருப்புக்கோட்டையில் தறி ஓடும் தேவாங்கர் வீடுகளில் கன்னடம். பாட்டியிடம் தெலுங்கில் நச்சரித்துக் காசு வாங்கும் பிள்ளை, அடுத்த நிமிடம் பெட்டிக்கடையில் தமிழில் கடலைமிட்டாய் கேட்கும். யாரிடம் எதைப் பேசுவது என்று யாரும் அதற்குப் பாடம் நடத்தியதில்லை.

இந்த மாவட்டத்தில்தான் மே மாதம் பிறந்தால் ஒரு பதற்றம் தொற்றிக்கொள்கிறது. பயர் ஆபீஸ் என்று இங்கே சொல்லும் பட்டாசு ஆலையில் சரம் பின்னும் அம்மா, வாரக் கூலியில் மிச்சம்பிடித்து, மூன்று வயதுப் பிள்ளையை ஆங்கில வழி எல்.கே.ஜி.யில் சேர்க்கிறார். இப்போது விட்டால் இனி இங்கிலீஷ் வராது என்று அவரிடம் எல்லோரும் சொல்லிவைத்திருக்கிறார்கள். பிள்ளை தீப்பெட்டி ஆபீசுக்கோ வெடி ஆபீசுக்கோ போய்விடக் கூடாது என்ற அவருடைய வைராக்கியத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. குறையெல்லாம் அவருக்குச் சொல்லப்பட்ட கணக்கில்தான்.

அந்தக் கணக்கில் பாதி உண்மை. கனடாவின் வான்கூவரில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் ஒரு சோதனை நடத்தி, 1984-ல் முடிவை வெளியிட்டார்கள். ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தையைத் தாய் மடியில் உட்கார வைத்து, ஒலிபெருக்கியில் இந்தியின் 'த' ஒலியைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டார்கள். திடீரென்று அது 'ட' ஆக மாறும். மாற்றத்தைப் பிடித்துக் குழந்தை தலையைத் திருப்பினால், பக்கத்துப் பெட்டியில் ஒரு பொம்மை உயிர்பெற்று ஆடும். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலானவர்கள் சரியாகத் திரும்பினார்கள். பத்து, பன்னிரண்டு மாதத்தில் அப்படித் திரும்பியவர்கள் வெகு சிலரே. ஆங்கிலம் மட்டும் பேசும் பெரியவர்களில் பெரும்பாலோருக்கோ இரண்டும் ஒரே ஒலியாகத்தான் கேட்டது. சுற்றிலும் பேசப்படாத ஒலிகளைப் பிள்ளையின் காது ஒரு வயதுக்குள்ளேயே கழித்துக்கட்டத் தொடங்கிவிடுகிறது.

அப்படியானால் தொட்டிலிலேயே ஆங்கிலப் பாட்டை ஓடவிடலாமே என்று தோன்றும். பலர் செல்போனில் அதைத்தான் செய்கிறார்கள். அமெரிக்காவின் சியாட்டிலில் பட்ரீசியா குல் 2003-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரடியாகவே பதில் சொல்கிறது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீனமொழி பேசுகிறவர்கள் நேரில் உட்கார்ந்து, பொம்மையும் படப்புத்தகமும் வைத்துக்கொண்டு பன்னிரண்டு அமர்வுகள் பேசினார்கள். அந்தக் குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. அதே ஆட்களைத் திரையில் மட்டும் பார்த்த குழந்தைகள் எதையும் கற்கவில்லை. கண்ணைப் பார்த்துப் பேசும் ஓர் ஆள் வேண்டும். ராஜபாளையத்துப் பாட்டி செய்வது அதைத்தான்.

கணக்கின் மறுபாதிதான் தவறு. நெதர்லாந்தில் குடியேறி டச்சு கற்ற ஆங்கிலம் பேசுகிறவர்களை கேத்தரின் ஸ்னோவும் மரியன் ஹூஃப்நாகல்-ஹோலேயும் ஓராண்டு பின்தொடர்ந்து 1978-ல் முடிவை வெளியிட்டார்கள். முதல் சில மாதங்களில் முந்தியவர்கள் 12 முதல் 15 வயதுப் பிள்ளைகளும் பெரியவர்களும். மூன்று முதல் ஐந்து வயது வாண்டுகள்தான் கடைசி. உச்சரிப்பில் சிறுவயதுக்காரருக்குக் காலப்போக்கில் ஆதாயம் உண்டு என்பது வேறு விஷயம். 2018-ல் ஏறத்தாழ 6,70,000 பேரிடம் இணையத்தில் ஆங்கில இலக்கணத்தைச் சோதித்த ஆய்வு, இலக்கணம் கற்கும் திறன் 17 வயதைத் தாண்டிய பிறகே சரியத் தொடங்குகிறது என்று கணித்தது. பிறவியிலேயே பேசுகிறவர் அளவுக்குத் தேற வேண்டுமானால் பத்து வயதையொட்டித் தொடங்கிவிடுவது நல்லது என்றும் அது சொன்னது. பத்து வயது என்பது ஐந்தாம் வகுப்பு. எல்.கே.ஜி. அல்ல.

இந்த ஊர்க்காரர்களுக்கு இதை ஆய்வாளர் வந்து நிரூபிக்க வேண்டியதில்லை. ஆறாம் வகுப்போடு படிப்பை விட்ட விருதுநகர்க் காமராசர், 1964-ல் காங்கிரஸ் தலைவராகி, இரண்டு பிரதமர்களைத் தேர்வு செய்வதில் முன்நின்றார். சிறையில் புத்தகமும் நாளிதழும் படித்தே ஆங்கிலத்தை வளர்த்துக்கொண்டார் என்பது அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்வது. சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள்; அங்கே யாரும் அவர்களுக்குத் தமிழில் விளக்கியிருக்க மாட்டார்கள். இன்றும் பட்டாசு ஆர்டர் பிடிக்க வடக்கே போகும் சிவகாசி விற்பனையாளர் இந்தியை வகுப்பில் கற்பதில்லை. பாக்கி வசூலிக்க வேண்டுமென்றால் பேச்சு தானாக வந்துவிடுகிறது.

ஆங்கில வழி மழலையர் பள்ளியில் பிள்ளைக்கு இப்படிப்பட்ட தேவையும் இல்லை, பேச ஆளும் இல்லை. ஆசிரியையும் தமிழ்ப் பெண்தான். ரைம்ஸ் முடிந்ததும் தமிழில்தான் அதட்டுகிறார். பிள்ளைக்குக் கிடைப்பது ஒப்பித்தல். சாயங்காலம் வீட்டுப்பாடத்தைக் கையில் வாங்கும் அம்மாவுக்கு அதில் என்ன கேட்டிருக்கிறது என்று புரியவில்லை. பிள்ளை கதை கேட்டு, கேள்வி கேட்டு வளரவேண்டிய வயதில் வீட்டில் பேச்சே குறைந்துபோகிறது என்றால், அதற்குக் கட்டணம் வேறு கட்டுவது அநியாயம். தமிழில் சரளமாக வாசிக்கப் பழகிய பிள்ளைக்கு, ஆங்கிலத்தில் நிஜமாகவே பேசத் தெரிந்த ஓர் ஆசிரியரை ஆரம்பப் பள்ளியிலேயே தந்தால் போதும். அரசு செலவழிக்க வேண்டிய இடம் அந்த ஆசிரியர்தான்; 'ஆங்கில வழி' என்ற பெயர்ப்பலகை அல்ல.

இதே தவறு இப்போது தலைகீழாகவும் நடக்கிறது. ராஜபாளையம் நூற்பாலைகளுக்கும் சிவகாசி அச்சகங்களுக்கும் ஒடிசா, பீகார், ஜார்கண்ட் குடும்பங்கள் வருகின்றன. அவர்களுடைய பிள்ளைகள் ஓரிரு ஆண்டில் தெருவில் நம் பிள்ளைகளைப் போலவே தமிழ் பேசிச் சண்டை போடுகிறார்கள். அதைக் கேட்டு, 'இவனுக்குத் தமிழ் வந்துவிட்டது' என்று பள்ளி முடிவுகட்டுகிறது. பிறகு அறிவியல் பாடத்தில் மதிப்பெண் குறைந்தால் மக்கு என்கிறது. கனடாவில் குடியேறிய பிள்ளைகளை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ் இதை 1980களின் தொடக்கத்திலேயே எடுத்துக்காட்டினார்: பேச்சுமொழி கைவர இரண்டு ஆண்டு போதும், பாடமொழியில் வகுப்புத் தோழர்களை எட்டிப்பிடிக்க ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகும். ஓர் ஒடியாப் பிள்ளை நான்காம் வகுப்பில் சேர்ந்தால், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வரைக்கும் அதற்குத் தனிக் கவனம் தேவை. ஒரு கோடைக்காலப் பயிற்சியில் தீரும் கதையல்ல.

பெரியவர்கள் விஷயத்தில் காத்திருக்கவே முடியாது. பட்டாசு ஆலைகளிலும் வெளிமாநிலத் தொழிலாளர்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். மருந்தைத் தேய்க்காதே, அறையில் கூட்டம் சேராதே, கலந்த மருந்தை மறுநாளைக்கு மிச்சம் வைக்காதே: போர்மேன் சொல்லும் இந்த மூன்றும் முதல் நாளே புரிந்தாக வேண்டும். தொழிலாளி தானாகக் கற்றுக்கொள்வார் என்று விட, மருந்து அறை பெட்டிக்கடை அல்ல. முதல் வாரம் அவருடைய மொழியிலேயே விளக்கம், அதன்பின் வேலை நேரத்துக்குள்ளேயே தினமும் கொஞ்சம் தமிழ் என்பதை உரிமம் புதுப்பிப்பதற்கான நிபந்தனையாகவே அரசு சேர்க்கலாம். இந்தியிலும் ஒடியாவிலும் படத்தோடு ஒரு கையேடு வேண்டும். நாட்டுக்கே காலண்டர் அச்சடித்து அனுப்பும் சிவகாசியில் அதற்கு ஒரு வார வேலைகூட ஆகாது.