லீஸ் என்ற ஒரு சொல்

ஓசூரில் வீடு லீஸுக்கு என்றால் என்ன பொருள் என்று ஜூஜூவாடி எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். பெங்களூரில் ஊறிய வழக்கம், எல்லை தாண்டி இங்கும் வேர்விட்டது. வீட்டுக்காரரிடம் ஐந்து லட்சமோ ஏழு லட்சமோ கொடுத்துவிட்டு, இரண்டு மூன்று வருடம் வாடகையில்லாமல் குடியிருந்து, காலி செய்யும் நாளில் கொடுத்த பணத்தை அப்படியே வாங்கிக்கொண்டு போவார்கள். நம் தாத்தாக்கள் போக்கியம் என்றது இதைத்தான். அதனால் லீஸ் என்று காதில் விழுந்ததும் நம் ஊர்க்காரருக்கு முதலில் தோன்றுவது, போட்ட முதல் எங்கும் போகாது என்ற நிம்மதி.

அந்த நிம்மதியோடுதான் இப்போது மொட்டை மாடியையும் பேசுகிறார்கள். கைக்காசு போட வேண்டாம், சோலார் பேனலை லீஸுக்கு வைத்துக்கொள்ளலாம், கரண்ட் பில் போய்விடும், நமக்கு ஒரு நஷ்டமும் இல்லை என்கிறார்கள். இந்த நம்பிக்கை தவறு என்று சொல்லத்தான் எழுதுகிறேன். சோலார் லீஸில் திரும்பி வரும் பணம் என்று எதுவுமே கிடையாது. இடம் நம்முடையது, அதில் குடியேறுவது அவர்களுடைய பேனல், மாதாமாதம் வாடகை கட்டுவது மட்டும் நாம்.

இந்த நம்பிக்கைக்கு இன்னொரு வேரும் உண்டு, அது சிப்காட் தொழிற்பேட்டையில் இருக்கிறது. மூக்கண்டப்பள்ளியில் இருக்கும் நண்பர் ஒருவர் ஆலை மேற்பார்வையாளர். லீஸ் ஒப்பந்தத்தின் நகலை என்னிடம் கொண்டுவந்து காட்டி, “நம்ம கம்பெனியிலேயே இப்படித்தாண்ணா போட்டிருக்காங்க, அப்புறம் நமக்கு என்ன பயம்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. தொழிற்சாலைக் கூரைகளில் வெளியாள் முதல் போட்டு பேனல் வைப்பதும், ஆலை யூனிட்டுக்கு இவ்வளவு என்று அவருக்குக் கட்டுவதும் பல வருடங்களாக நடக்கிற வியாபாரம்தான். ஆலைகளுக்கு அதில் லாபமும் இருக்கிறது.

ஆனால் ஆலையின் கணக்கு வேறு. 2024 ஜூலைக் கட்டணப்படி உயரழுத்த இணைப்புள்ள ஆலை முதல் யூனிட்டிலிருந்தே 7 ரூபாய் 25 காசு கட்டியது. கூரையில் விளையும் ஒவ்வொரு யூனிட்டும் அந்த விலையைத் தவிர்க்கிறது. ஆலையே முதல் போட்டால் வருமான வரியில் வருடத்துக்கு 40 சதவீதத் தேய்மானம் காட்டலாம். வேண்டாமென்றால் வெளியாளிடம் விட்டுவிடலாம். எந்த வழி லாபம் என்று பார்க்கக் கணக்காளர் இருக்கிறார், ஒப்பந்தத்தை வரிவரியாகப் படிக்க வக்கீல் இருக்கிறார்.

வீட்டுக்கு 2016 முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதே 2024 கட்டணத்தில், 500 யூனிட்டுக்குள் நின்றால் அடுத்த 100 யூனிட் 2 ரூபாய் 35 காசு, 400 வரை 4 ரூபாய் 70 காசு. உண்மையில் சுடத் தொடங்குவது 500ஐத் தாண்டிய பிறகுதான்: 8 ரூபாய் 40 காசு, 9 ரூபாய் 45 காசு என்று ஏறி, 1,000 யூனிட்டுக்கு மேல் 11 ரூபாய் 55 காசு. ஆகவே சோலார் மிச்சப்படுத்துவது மேல்தட்டில் செலவழிக்கும் வீட்டுக்கு. கீழ்த்தட்டில் இருப்பவருக்கு அரசாங்கமே ஏற்கெனவே மலிவாகத் தருகிறது.

நண்பரின் மின் அட்டையை வாங்கிப் பார்த்தேன். இரண்டு மாதத்துக்கு 430 யூனிட். பில் 1,364 ரூபாய். அவரிடம் கேட்டிருந்த லீஸ் தொகை, 3 கிலோவாட்டுக்கு மாதம் 1,500. அதாவது இரண்டு மாதத்துக்கு 3,000. இல்லாமல் செய்யப்போகும் பில்லைவிட இரண்டு மடங்குக்கும் மேல் வாடகை! அதுவும் வருடத்துக்கு 5 சதவீதம் ஏறும். பதினைந்தாவது வருடத்தில் மாதம் 2,970 ஆகியிருக்கும். பதினைந்து வருடத்தில் கட்டுவது மொத்தம் 3,88,000 ரூபாய். பேனலின் உற்பத்தியோ வருடாவருடம் அரை சதவீதம் போலக் குறைந்துகொண்டே வரும். ஒரு பொருள் தேயத் தேய அதன் வாடகை ஏறுவதை வேறெந்தச் சாமானுக்கும் நாம் ஒத்துக்கொள்ள மாட்டோம்.

சொந்தமாக வாங்கினால்? 2024 பிப்ரவரியில் வந்த பி.எம். சூரிய கர் திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000, ஆக 78,000 ரூபாய் மானியம் நம் வங்கிக் கணக்குக்கே வருகிறது. 3 கிலோவாட்டுக்கு 1,80,000 ஆகிறது என்று வையுங்கள். மீதி 1,02,000. இந்தத் திட்டத்துக்கென்று அரசு வங்கிகள் 2 லட்சம் வரை அடமானமில்லாமல் கடன் தருகின்றன. 7 சதவீத வட்டியில் பத்து வருடத் தவணை மாதம் ஏறத்தாழ 1,200. தொகை ஏறாது. பத்து வருடத்துக்குப் பிறகு பேனல் நம்முடையது, அதற்குப் பின்னும் பதினைந்து வருடம் உழைக்கும். லீஸில் அந்த மானியம் யாருக்குப் போகிறது என்று கேட்டிருக்கிறோமா? முதலீட்டாளரே உரிமையாளராக இருக்கும் முறைக்கும் மத்திய அரசு 2024 டிசம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அதில் மானியம் அவர் கைக்குப் போகிறது. நமக்கு அது கட்டணக் குறைப்பாகத்தான் வர வேண்டும். வந்திருக்கிறதா என்பது ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் தொகையில் தெரிந்துவிடும்.

லீஸ் யாருக்குமே ஆகாது என்று நான் சொல்லவில்லை. இரண்டு மாதத்துக்கு 800 யூனிட் ஓடுகிற கூட்டுக் குடும்பத்துக்கு பில் 4,770 ரூபாய். 3 கிலோவாட் பேனல் ஒரு நாளைக்கு 12 யூனிட் என்ற கணக்கில் அதில் 700ஐ ஈடுகட்டிவிடும். மின்வாரியத்தின் சில்லறைக் கட்டணங்களை ஒதுக்கி வைத்துப் பார்த்தால் 3,000 வாடகை போக 1,770 மிஞ்சும். கடன் கிடைக்காதவர், இன்வெர்ட்டர் கெட்டால் அலைய முடியாத வயதானவர் என்றால் அது பெரிய உதவி. சூளகிரிப் பக்கம் கிரஷர் தூசி படியும் பேனலை யாரோ ஒருவர் வந்து கழுவுவதற்கும் விலை உண்டு. ஓசூரின் குளிர்ச்சிகூடச் சாதகம்தான். பேனல் சூடேறச் சூடேற உற்பத்தி குறையும். ஆனால் கரண்ட் போனால் விளக்கெரியும் என்று நம்பி யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். பேட்டரி இல்லாத, மின்வாரியக் கம்பியோடு இணைந்த அமைப்பு, பாதுகாப்புக்காகத் தானே நின்றுவிடும்.

எனக்கு அதிகம் கவலை தருவது இந்தக் கணக்கைவிட வருடங்கள். இந்த ஊரில் யார் பதினைந்து வருடம் ஒரே வீட்டில் இருக்கிறோம்? மாற்றலாகிப் போகிறோம், மாடி எழுப்புகிறோம், மகள் கல்யாணத்துக்கு விற்கிறோம். பிரிட்டனில் 2010 ஏப்ரலில் சூரிய மின்சாரத்துக்கு அரசு ஊக்கத்தொகை தொடங்கியதும், இலவசமாகப் பேனல் வைக்கிறோம், கூரையை 25 வருடக் குத்தகைக்குக் கொடுங்கள் என்று நிறுவனங்கள் வீடு வீடாக வந்தன. கொடுத்தவர்களில் பலர் வீட்டை விற்கப் போனபோது, கூரையில் இன்னொருவர் உரிமை இருக்கிறதென்று கடன் கொடுக்கும் நிறுவனங்கள் தயங்கின. அமெரிக்காவில் வீட்டுக் கூரைகளுக்கு லீஸ் விற்ற பெரிய நிறுவனங்களில் ஒன்றான சன்னோவா 2025 ஜூனில் திவால் மனு போட்டது. இங்கேயும் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை பதிவாக வேண்டும். பதிந்தால் வில்லங்கச் சான்றில் ஏறும். பதியாமல் விட்டால் வழக்கு வரும்போது நம் கையில் இருப்பது வெறும் காகிதம்.

நண்பரின் ஒப்பந்தத்தில் வீட்டை விற்பது பற்றி ஒரே ஒரு பத்தி இருந்தது. வாங்குபவர் லீஸை ஏற்க வேண்டும், மறுத்தால் மீதி வருடங்களின் மொத்த வாடகையையும் ஒரே தவணையில் கட்ட வேண்டும். இரண்டு முறை படித்தார். பெரியவளுக்கு இப்போது பதினாறு வயது, இந்த வீட்டை நம்பித்தான் இருக்கிறேன் என்றார். பிறகு நகலை மடித்து மின் அட்டைக்குள் வைத்துக்கொண்டு, வங்கி எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டார். 430 யூனிட்டுக்கு இப்போதைக்கு எதுவுமே வேண்டாம், ஏசி வாங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.