அமெரிக்கச் சந்தையில் டீசல் கார்: தடை என்னும் கூற்றுக்கு ஒரு மறுப்பு

எரிபொருள் விலை ஏறும்போதெல்லாம் அமெரிக்காவில் ஒரு குற்றச்சாட்டு புத்துயிர் பெறுகிறது. லிட்டருக்கு இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் ஓடும் டீசல் கார்களை ஐரோப்பியர் பல ஆண்டுகள் ஓட்டிவந்தபோது, அவை அமெரிக்கருக்கு மட்டும் வேண்டுமென்றே மறுக்கப்பட்டன என்றும், எண்ணெய் நிறுவனங்களின் ஆதாயம், அரசின் எரிபொருள் வரி வருவாய், உள்நாட்டுக் கார் தயாரிப்பாளரின் நலன் ஆகியவற்றைக் காப்பதற்கே மாசுக் கட்டுப்பாடு என்னும் திரை பயன்படுத்தப்பட்டது என்றும் அக்குற்றச்சாட்டு கூறுகிறது. 2008இல் ஐரோப்பாவில் அறிமுகமான ஃபோர்டு ஃபியெஸ்டா ஈகோநெடிக் என்னும் டீசல் கார், அமெரிக்க நிறுவனத்தின் தயாரிப்பாக இருந்தும் அமெரிக்காவில் விற்பனைக்கு வராமற்போனது இதற்குச் சான்றாக அடிக்கடி காட்டப்படுகிறது. இதன் அடியில் ஓர் உண்மை இருக்கிறது: 2011ஆம் ஆண்டை ஒட்டி மேற்கு ஐரோப்பாவில் விற்பனையான புதிய கார்களில் ஏறத்தாழ 55 சதவீதம் டீசல் கார்களாக இருந்தபோது, அமெரிக்காவில் அவற்றின் பங்கு மிகச் சொற்பமாகவே இருந்தது. ஆனால் இந்த வேறுபாட்டுக்குச் சொல்லப்படும் காரணங்கள் ஒவ்வொன்றும் பிழையானவை. அப்பிழையை நம்புவோர் தம் நுரையீரலைக் காக்கும் விதிகளையே தம் பகையாகக் கருத நேர்கிறது என்பதால், அக்காரணங்களைத் தனித்தனியே ஆராய்வது தேவையாகிறது.

முதலாவது, மைலேஜ் பற்றிய எண்கள். ஃபியெஸ்டா ஈகோநெடிக் 100 கிலோமீட்டருக்கு 3.7 லிட்டர், அதாவது லிட்டருக்கு 27 கிலோமீட்டர் என்று அறிவிக்கப்பட்டது. பிரிட்டிஷ் கணக்கில் இது கேலனுக்கு 76 மைல் ஆகும். ஆனால் பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர், அமெரிக்க கேலன் 3.785 லிட்டர் என்பதால், அமெரிக்கக் கணக்கில் அதே கார் 64 மைல்தான் ஓடும். இந்த 64 மைலும் அக்கால ஐரோப்பிய ஆய்வுக்கூடச் சோதனையில் கிடைத்த அளவேயன்றிச் சாலையில் கிடைத்த அளவன்று. மெதுவான முடுக்கமும் தளர்வான விதிகளும் கொண்ட அச்சோதனையின் முடிவுக்கும் உண்மையான ஓட்டத்துக்கும் இடையிலான இடைவெளி ஆண்டுதோறும் அகன்று, 2010களின் நடுப்பகுதியில் சுமார் 40 சதவீதத்தை எட்டியது. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையோ, 2008ஆம் ஆண்டு மாடல்கள் முதல் அதிவேக ஓட்டம், குளிரூட்டியின் பயன்பாடு, குளிர்காலத் தட்பவெப்பம் ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிடும் கடுமையான முறையைக் கைக்கொண்டது. அம்முறையில் 2010ஆம் ஆண்டின் ஃபோக்ஸ்வாகன் ஜெட்டா டீசல் கார் கேலனுக்கு 34 மைல், அதாவது லிட்டருக்கு சுமார் 14.5 கிலோமீட்டர் பெற்றது. அதே ஆண்டில் பெட்ரோலில் ஓடிய டொயோட்டா பிரியஸ் கலப்பினக் கார், மின்மோட்டாரும் எஞ்சினும் இணைந்து இயங்குவதால், 50 மைல், அதாவது லிட்டருக்கு 21 கிலோமீட்டருக்கு மேல் பெற்றது. சந்தையில் இருந்த மிகச் சிக்கனமான காரை அமெரிக்கர் இழந்துவிட்டனர் என்பது இந்த ஒப்பீட்டின் முன் நிற்கவில்லை.

லிட்டரை அளவுகோலாகக் கொள்வதிலேயே மற்றொரு மயக்கமும் உண்டு. டீசல் பெட்ரோலைவிட அடர்த்தியான எரிபொருள் என்பதால், ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது சுமார் 2.35 கிலோ கரியமில வாயு வெளிவர, ஒரு லிட்டர் டீசலிலிருந்து சுமார் 2.69 கிலோ வெளிவருகிறது. ஆகவே லிட்டர் கணக்கில் ஒரு டீசல் கார் 20 சதவீதம் கூடுதல் தூரம் ஓடினாலும், வெளியிடும் கரியின் கணக்கில் அதன் மேன்மை ஏறத்தாழ 5 சதவீதமாகச் சுருங்கிவிடுகிறது.

இரண்டாவது கூற்று, அமெரிக்க அரசு டீசல் கார்களைத் தடைசெய்தது என்பது. அத்தகைய கூட்டரசுத் தடை எதுவும் இருந்ததில்லை. ஃபோக்ஸ்வாகன், மெர்சிடிஸ், பிஎம்டபிள்யூ, ஆடி, செவர்லே ஆகியவற்றின் டீசல் கார்கள் அங்கே விற்பனையில் இருந்தன. கனரக பிக்அப் வண்டிகளிலும் சரக்கு லாரிகளிலும் டீசல் எஞ்சின் இன்றும் இயல்பாகவே இருக்கிறது. 2004ஆம் ஆண்டு மாடல்கள் முதல் சில ஆண்டுகளுக்குக் கலிஃபோர்னியா, நியூயார்க் உள்ளிட்ட சில மாநிலங்களில் புதிய டீசல் கார்கள் விற்பனைக்கு வரவில்லை என்பது மெய்யே. ஆனால் அம்மாநிலங்கள் விதித்த உமிழ்வு வரம்பை அப்போதைய டீசல் கார்களால் எட்ட முடியாமற்போனதே அதற்குக் காரணம். எட்டிய கார்கள் பின்னர் வந்தபோது அதே மாநிலங்களில் விற்பனையாயின. கூட்டரசு அவற்றை வரவேற்கவும் செய்தது: 2009ஆம் ஆண்டு ஜெட்டா டீசல் காரை வாங்கியவருக்கு 1,300 டாலர் வருமான வரிச் சலுகை கிடைத்தது. தடைசெய்ய விரும்பும் அரசு, வாங்குவோருக்குப் பணம் கொடுத்து ஊக்குவிப்பதில்லை.

மூன்றாவதாக, அந்த உமிழ்வு வரம்பே டீசலைக் குறிவைத்து வகுக்கப்பட்டது என்ற வாதம் எழுகிறது. இவ்வாதம் வரலாற்றையும் வேதியியலையும் ஒருங்கே மறந்துவிடுகிறது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரை மூடிய கண்ணெரிக்கும் புகைமூட்டம், வாகனப் புகையிலுள்ள ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிவதால் உண்டாவது என்பதை 1950களின் தொடக்கத்தில் ஆரி ஹாகன் ஸ்மிட் என்னும் வேதியியலர் கண்டறிந்தார். பின்னாளில் அவரே கலிஃபோர்னியா காற்று வள வாரியத்தின் முதல் தலைவரானார். நைட்ரஜன் ஆக்சைடுகளுக்கு வரம்பு விதிப்பது அன்று தொடங்கிய முயற்சியின் தொடர்ச்சியே. அவ்வரம்புகள் பல்லாண்டுகளாகப் பெட்ரோல் கார்களையே பெரும்பாலும் நெருக்கிவந்தன. 2004 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த கூட்டரசு விதி, ஒரு நிறுவனம் விற்கும் கார்களின் சராசரி நைட்ரஜன் ஆக்சைடு உமிழ்வு மைலுக்கு 0.07 கிராம், அதாவது கிலோமீட்டருக்கு சுமார் 43 மில்லிகிராம் ஆக இருக்க வேண்டும் என்றது. எந்த எரிபொருளானாலும் வரம்பு ஒன்றே. ஐரோப்பாதான் டீசலுக்குத் தனிச் சலுகை அளித்தது: 2005இல் நடப்புக்கு வந்த யூரோ 4 விதியில் பெட்ரோல் காருக்கு 80 மில்லிகிராமும் டீசல் காருக்கு 250 மில்லிகிராமும் அனுமதிக்கப்பட்டன, 2009இன் யூரோ 5 விதியிலும் டீசலுக்கு 180 மில்லிகிராம் வரை இடம் இருந்தது. இரு கண்டங்களின் சோதனை முறைகளும் வேறானவை என்றாலும், இத்தனை பெரிய இடைவெளியை அந்த வேறுபாட்டால் விளக்கிவிட முடியாது.

ஒரே வரம்பு டீசலுக்கு மட்டும் கடினமாக அமைந்ததன் காரணம் எஞ்சினுக்குள்ளேயே இருக்கிறது. காற்றை மிக உயர்ந்த அழுத்தத்துக்கு உள்ளாக்கி, தேவைக்கு மிஞ்சிய காற்றுடன் எரிபொருளை எரிப்பதே டீசல் எஞ்சினின் சிக்கனத்துக்கு மூலம்; அந்த உயர் வெப்பநிலையும் மிகைக் காற்றுமே நைட்ரஜன் ஆக்சைடுகளை உண்டாக்குகின்றன. பெட்ரோல் காரின் புகைக்குழாயிலுள்ள மும்முனை வினையூக்கி, அதாவது மூன்று வகை மாசுகளை ஒரே நேரத்தில் தீங்கற்றவையாக மாற்றும் கருவி, புகையில் மிகையாக ஆக்சிஜன் இருக்கும்போது நைட்ரஜன் ஆக்சைடுகளை நீக்க இயலாது. எனவே டீசல் காருக்குப் புகைக்கரியைத் தடுக்கும் துகள் வடிகட்டியும், யூரியாக் கரைசலைத் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடுகளைச் சிதைக்கும் தனி அமைப்பும் தேவைப்படுகின்றன. இவற்றின் செலவு பெரிய சொகுசுக் காரின் விலையில் கரைந்துவிடும். சிறிய, மலிவான காரின் விலையிலோ அது உறுத்தி நிற்கும். மிகச் சிக்கனமான சிறிய டீசல் கார்களே அமெரிக்காவுக்கு வராமற்போனதற்கு இதுவே முதன்மையான விளக்கம்.

உள்நாட்டுத் தொழிலைக் காக்கவே இவ்விதி என்பதும் பொருந்தவில்லை. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் ஐரோப்பாவில் இலட்சக்கணக்கான டீசல் கார்களை விற்றுவந்த நிறுவனங்கள். டீசலுக்கு அடைக்கப்படும் கதவு அவற்றுக்கும் அடைக்கப்படும். அந்நியக் காரைத் தடுப்பதே நோக்கமாயின் சுங்கவரி போதும். ஆனால் அக்காலத்தில் ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதிக் கார்களுக்கு 10 சதவீதம் வரி விதிக்க, அமெரிக்கா விதித்தது 2.5 சதவீதம்தான்.

நான்காவது, எண்ணெய் நிறுவனங்களும் வரித்துறையும் சேர்ந்து செய்த சூழ்ச்சி என்பது. எண்ணெய் நிறுவனம் பெட்ரோலை மட்டும் விற்பதில்லை. ஒரு பீப்பாய் கச்சா எண்ணெயைச் சுத்திகரித்தால் பெட்ரோலும் டீசலும் சேர்ந்தே கிடைக்கின்றன, இரண்டையும் விற்றாக வேண்டும். அமெரிக்கச் சுத்திகரிப்பு ஆலைகள் பெட்ரோலைக் கூடுதலாகப் பிரிக்கும்படி அமைந்தவை. ஐரோப்பாவோ டீசல் பற்றாக்குறையால் அதை இறக்குமதி செய்து, மிஞ்சிய பெட்ரோலை அமெரிக்காவுக்கே அனுப்பிவந்தது. வரி வருவாய்க்காக மக்கள் மிகுதியாக எரிபொருள் எரிக்க வேண்டும் என்று அரசு விரும்பியது என்பதற்கோ நடப்பே மறுப்பு: அமெரிக்கக் கூட்டரசின் பெட்ரோல் வரி 1993 முதல் கேலனுக்கு 18.4 சென்ட் என்ற அளவிலேயே உயராமல் நிற்கிறது. 1975இன் சட்டத்தால் கார் நிறுவனங்களின் சராசரி எரிபொருள் சிக்கனத்துக்குக் கீழ்வரம்பு விதித்ததும் அதே கூட்டரசுதான்.

உண்மையில் வரியின் பங்கு குற்றச்சாட்டு கூறுவதற்கு நேர்மாறான திசையில் அமைந்தது. ஐரோப்பிய நாடுகளில் பெரும்பாலானவை டீசலுக்குப் பெட்ரோலைவிடக் குறைந்த வரி விதித்தன. அமெரிக்காவில் கூட்டரசின் டீசல் வரி கேலனுக்கு 24.4 சென்ட், பெட்ரோல் வரியைவிட மிகுதி. 2004க்குப் பின் டீசலின் சில்லறை விலையும் பெரும்பாலும் பெட்ரோலைவிட உயர்ந்தே இருந்தது. காரும் விலை கூடியது, எரிபொருளும் விலை கூடியது என்றால், சிக்கனத்தால் மிச்சமாகும் தொகை கைக்குத் திரும்புவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். இதற்கு முன்பே, 1978இல் வெளிவந்த ஓல்ட்ஸ்மொபைல் டீசல் எஞ்சின்கள் அடிக்கடிப் பழுதடைந்ததால், ஒரு தலைமுறை வாடிக்கையாளர் டீசல் காரிடம் நம்பிக்கை இழந்திருந்தனர். மறுக்கப்பட்டது என்பதைவிட, வாங்குவதற்குப் பெரும்பாலோர்க்குக் காரணம் இல்லாமற்போனது என்பதே பொருத்தமான விவரிப்பு.

ஐந்தாவது கூற்று, ஐரோப்பா சிக்கனத்தையும் தூய்மையையும் ஒருங்கே சாதித்துக் காட்டியது என்பது. 1998இல் ஐரோப்பியக் கார் தயாரிப்பாளர் கரியமில வாயுவைக் குறைப்பதாக ஒன்றிய ஆணையத்திடம் ஏற்றுக்கொண்ட பின், டீசலே அதற்கு எளிய வழியானது. 2001 முதல் கரியமில வாயு அளவைக் கொண்டு வாகன வரி விதித்த பிரிட்டனில், இரு எரிபொருள்களுக்கும் ஒரே தீர்வை இருந்தும் டீசல் பெருகியது. அதன் விலையை நகரவாசிகள் செலுத்தினர். காற்றில் நைட்ரஜன் டை ஆக்சைடுக்கு விதிக்கப்பட்ட ஆண்டுச் சராசரி வரம்பைப் பல நகரங்கள் ஆண்டுக்கணக்காக மீறின. 2012இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவதாக வகைப்படுத்தியது. 2018இல் ஜெர்மனியின் உச்ச நிர்வாக நீதிமன்றம் பழைய டீசல் கார்களுக்கு நகரங்கள் தடை விதிக்கலாம் என்று தீர்ப்பளித்தது.

2015 செப்டம்பரில் வெளிப்பட்ட ஃபோக்ஸ்வாகன் மோசடி இந்த வாதத்தின் கடைசித் தூணையும் சாய்த்தது. மேற்கு வெர்ஜீனியா பல்கலைக்கழகத்தார் சாலையில் ஓட்டி அளந்தபோது, ஒரு ஜெட்டா கார் வரம்பைப் போல 15 முதல் 35 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்சைடுகளை வெளியிட்டது; சோதனை நடப்பதை உணர்ந்து அப்போது மட்டும் மாசைக் கட்டுப்படுத்தும் மென்பொருள், உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 இலட்சம் கார்களில் இருந்தது தெரியவந்தது. அதே ஆய்வில் அளக்கப்பட்ட பிஎம்டபிள்யூ எக்ஸ்5 பெரும்பாலும் வரம்புக்குள் நின்றதால், விதி எட்ட முடியாதது அன்று என்பதும், எட்டுவதற்குச் செலவு உண்டு என்பதும் ஒருசேர விளங்கின. மலிவும் சிக்கனமும் தூய்மையும் ஒரே டீசல் காரில் கூடியதாகக் காட்டிய விளம்பரம் ஒரு மென்பொருளின் மறைவில் நின்றிருந்தது.

மேற்கண்ட விளக்கம் சரியானதா என்பதைப் பிற நாடுகளின் அனுபவத்தைக் கொண்டும் சோதிக்கலாம். ஜப்பானில் 1999இல் டோக்கியோ ஆளுநர் இஷிஹாரா ஷின்தாரோ டீசலுக்கு எதிரான இயக்கத்தைத் தொடங்கினார். விதிகள் இறுகியபின் டீசல் பயணிகள் கார் அங்கே ஏறத்தாழ மறைந்து, தூய்மையான எஞ்சின்கள் உருவானபின் 2008 முதல் சிறிது சிறிதாகத் திரும்பியது. இந்தியாவில் டீசல் விலைக் கட்டுப்பாடு 2014 அக்டோபரில் நீங்கி, பெட்ரோலுக்கும் டீசலுக்கும் இடையிலான விலை இடைவெளி குறுகியது. 2020 ஏப்ரலில் நடப்புக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதி, டீசல் காரின் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பை 250 மில்லிகிராமிலிருந்து 80 ஆகக் குறைத்தது. சிறிய டீசல் கார்களை ஏராளமாக விற்ற மாருதி சுசூகி அதே மாதத்துடன் டீசலைக் கைவிட்டது. எரிபொருள் விலைச் சலுகை நீங்கி உமிழ்வு வரம்பு இறுகும் இடத்தில் சிறிய டீசல் கார் மறைகிறது என்பதற்கு, சூழ்ச்சி எதையும் துணைக்கு அழைக்காமலே, அமெரிக்காவுக்கு வெளியிலும் சான்று கிடைக்கிறது.

குற்றச்சாட்டில் ஏற்கத்தக்க பகுதி ஒன்று உண்டு: அமெரிக்காவில் எரிபொருள் மீதான வரி மிகக் குறைவாக இருப்பதால், எந்த வகைச் சிக்கனக் காருக்கும் அங்கே தேவை வளரவில்லை, பெரிய வண்டிகள் பெருகியதற்கு அக்கொள்கையும் பொறுப்பு. ஆனால் இதற்கான தீர்வு எரிபொருளுக்கு உரிய விலை வைப்பதிலும், கலப்பினக் கார்களையும் மின்சாரக் கார்களையும் பொதுப் போக்குவரத்தையும் வளர்ப்பதிலும் இருக்கிறது. உமிழ்வு வரம்பைத் தளர்த்துவதில் இல்லை. காரின் சிக்கனத்தால் மிச்சமாகும் பணம் அதன் உரிமையாளருக்குச் சேர்கிறது. அது உமிழும் நச்சு, கார் வாங்கவே வசதியின்றி நெடுஞ்சாலை ஓரத்தில் வாழ்பவரின் மூச்சில் சேர்கிறது. ஒருவரது சேமிப்புக்கு மற்றவரது உடல்நலம் ஈடாகக் கூடாது என்று ஒரு சட்டம் வரம்பு வகுக்குமானால், அதனால் சில கார்கள் சந்தைக்கு வராமற்போவதைக் குடிமக்களின் இழப்பாகக் கணக்கிடுவதற்கு நியாயம் இல்லை.