ராட்டினத்தை நிறுத்துபவன்

மார்ச் கடைசியில் நோட்டன் பிரிட்ஜ் பஸ் நிற்கும் இடத்தில் தோள்பையோடு பையன்கள் கூடுவார்கள். ஹட்டன் போய் அங்கிருந்து நுவரெலியா பஸ் பிடிப்பார்கள். ஏப்ரல் சீசனுக்கு ராட்டினம் சுற்ற, அன்னப் படகைக் கரையில் பிடித்துக் கட்ட, மட்டக்குதிரைக்குக் கடிவாளம் பிடிக்க, டிக்கெட் கிழிக்க எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். இவர்களில் பலர் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவர்கள். மற்றவர்களுக்குத் தோட்டத்தில் பேர் பதிய மனமில்லை. அம்மா கொழுந்துக்கூடையோடு மலையேறி இறங்குவதைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள், அவர்களைக் குறை சொல்ல என்னால் முடியாது.

நுவரெலியாவின் கிரகரி வாவி 1873இல் உருவானது. குதிரைப் பந்தயத் திடல் 1875இல் வந்தது. கொழும்பு வெக்கை தாங்காமல் மலையேறிய வெள்ளைக்காரருக்காகத் தொடங்கிய உல்லாசம் இன்று நாட்டின் எல்லாக் குடும்பங்களுக்குமானது. ஆனால் கணக்கு பழைய கணக்குத்தான். வருட வருமானத்தின் பெரும்பங்கு சில வாரங்களில் வந்தாக வேண்டும்.

அந்த வாரங்களையும் நம்பியிருக்க முடிவதில்லை. 2019இல் உயிர்த்த ஞாயிறு குண்டுகள், 2020இல் ஊரடங்கு, 2022இல் பெற்றோல் வரிசை. ஒன்றும் நடக்காத வருடத்திலும் மழை வரும். காலையில் நல்ல வெயில் அடிக்கும், பின்னேரம் இடியோடு கொட்டும். இடி கேட்டதும் உயரமான ராட்டினத்தை நிறுத்தி, வாவியில் மிதக்கும் படகுகளைக் கரைக்குக் கூப்பிட வேண்டும். இடத்துக்கு முன்பணம் கட்டியவருக்கு நின்று போன ஒவ்வொரு மணியும் நட்டம். இட வாடகையில் கைவைக்க முடியாது, ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றாமலும் இருக்க முடியாது. அதனால் ஆளைக் குறைக்கிறார்கள்.

ஆள் குறைந்தால் என்ன ஆகும் என்பதை ஒரு சின்ன ராட்டினத்தின் அருகில் நின்றே பார்க்கலாம். பிள்ளையை இருத்தி, மடிக்குமேல் கம்பியை இறக்கி, கொண்டியைச் செருகி, கம்பியைக் கையால் ஒருதரம் இழுத்துப் பார்க்க வேண்டும். பிறகு அடுத்த இருக்கை. எல்லாம் முடிந்து கம்பியை இழுத்துப் பார்த்தவன் கையை உயர்த்திய பிறகுதான் சுவிட்ச் அருகில் நிற்பவன் இயக்க வேண்டும். இரண்டு வேலையும் ஒருவன் தலையில் விழும்போது கையை உயர்த்த ஆளில்லை. புத்தாண்டு விடுமுறைக் கூட்டம் வரிசையில் நின்று சத்தம் போடும்போது, இழுத்துப் பார்க்கும் அந்த ஒரு விநாடிதான் முதலில் விடுபடும். "கம்பிய இறக்கினா போதும்னுதாண்ணே சொன்னாங்க" என்றான் ஒரு பையன் என்னிடம். அவன் வேலைக்கு வந்து இரண்டாம் நாள். விரல்கள் குளிரில் விறைத்திருந்தன.

ஆபத்து ஏறிச் சுற்றுகிறவர்களுக்கு மட்டுமல்ல. சென்னையில் தாம்பரத்துக்குப் பக்கத்தில் இருந்த கிஷ்கிந்தா பூங்காவில் 2015 மே மாதம், பள்ளி விடுமுறைக் காலத்தில், புதிதாக வந்த ராட்டினம் ஒன்றை ஓட்டிப் பார்த்தார்கள். சோதனை ஓட்டத்தில் ஏறி உட்கார்ந்திருந்தவர்கள் அங்கே வேலை செய்தவர்களே. ராட்டினம் உடைந்து விழுந்து ஒரு தொழிலாளி இறந்தார், பலர் காயப்பட்டார்கள். சோதனைக்கு ஏற்ற வேண்டியது மணல் மூட்டை. நமது மலையிலிருந்து போகிற பையனிடம் "ஏறிப் பாரு தம்பி, சரியா சுத்துதானு" என்று சொன்னால் அவன் மறுக்க மாட்டான். சந்தோஷமாகவே ஏறுவான். எனக்கு இதுதான் பயம்.

இங்கே சட்டம் இல்லாமல் இல்லை. 2021இல் வேலைக்கான குறைந்தபட்ச வயது 16 ஆனது. ஆபத்தான வேலைகளுக்கு 18 நிரம்பியிருக்க வேண்டும். சாதாரண தரம் எழுதிய கையோடு வருபவனை இயங்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நிறுத்தவே கூடாது, அவன் டிக்கெட் கிழிக்கட்டும். தற்காலிக ஊழியருக்கும் முதல் நாளிலிருந்தே ஊழியர் சேமலாப நிதி உண்டு. சம்பளத்தில் 8 வீதம் பிடித்தால் முதலாளி 12 வீதம் போட வேண்டும், நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3. வேலையில் காயப்பட்டால் நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. ஆனால் எங்கே வேலை செய்தான் என்பதற்கு ஒரு துண்டுக் கடதாசியாவது கையில் இருந்தால்தானே கேட்கலாம். தோட்டத்தில் அரைநாள் வேலைக்கு அரைப்பேர் போட்டாலும் செக்ரோல் என்னும் வரவுப் பதிவேட்டில் ஒரு கோடு விழும். சீசன் வேலையில் அதுகூட இல்லை.

சிவனொளிபாதமலைக்கு ஏறும் நல்லதண்ணியைப் பாருங்கள். மார்கழிப் போயா முதல் வெசாக் வரை அங்கே யாத்திரை சீசன். அங்குள்ள கடைகளுக்குப் பழகிய முகங்களே வருடாவருடம் திரும்பி வருகின்றன. எந்த வளைவில் சனம் நெருக்கும், எந்த நேரத்தில் அடுப்பை மூட்ட வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குப் பாடம். ராட்டினத்துக்கும் அப்படிப் பழகிய கைகள் வேண்டும். போன வருடம் கம்பியை இழுத்துப் பார்க்கப் பழகியவனை இந்த வருடமும் கூப்பிடுங்கள், அவனுக்கு ஐம்பது நூறு கூட்டிக் கொடுங்கள்.

நுவரெலியா மாநகர சபை இடம் கொடுக்கும்போது பணத்தோடு சேர்த்து ஆட்களின் பெயர், வயது, யார் எந்த இயந்திரத்தில் என்ற பட்டியலையும் கேட்டு வாங்க வேண்டும். ஏப்ரல் தொடங்க ஒரு வாரம் முன்னதாக, கூட்டம் வராத திடலில், மணல் மூட்டைகளை ஏற்றி ஓட்டிப் பழக்க வேண்டும். இடி கேட்டால் முதலாளியிடம் அனுமதி கேட்காமலே நிறுத்தலாம் என்று ராட்டினத்தில் நிற்கும் பையனிடம் எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். பழகும் அந்த வாரத்துக்கும் முழுச் சம்பளம் போட வேண்டும், நோட்டனிலிருந்து வந்துபோகும் பஸ் காசையும் சேர்த்து.